இடம் விட்டு இசைத்தவர்கள்

மேடையில் ஆடுபவரைப் பார்க்கிறோம், பாடுபவரைக் கேட்கிறோம். ஆட்டத்திற்கென்றே பாட்டை யாத்து, அதற்குச் சொற்கட்டு அமைத்து, கையில் தாளம் ஏந்தி, தொடக்கம் முதல் முடிவு வரை அந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்பவரையோ நாம் அரிதாகவே நினைவில் கொள்கிறோம். நட்டுவனார் என்று தமிழகம் அழைத்துவந்த இக்கலைஞரின் படைப்பை இலக்கியத் திறனாய்வு பொருட்படுத்தியது குறைவு. இறையியல் பொருட்படுத்தியது அதனினும் குறைவு. பிறர் ஆடுவதற்காகவே பாட்டமைக்கும் கலை எத்தகையது? அதில் மேன்மை என்பது யாது? அம்மேன்மையிலிருந்து இறைமக்களாகிய நாம் கற்றுக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு தஞ்சை நால்வர் என்னும் உடன்பிறந்தோரின் படைப்பையும், அவர்தம் வழிவந்தோரின் பணியையும் ஈண்டு நோக்குவோம்.

நால்வரும் அவர்தம் ஆசானும்

சின்னையா (1802), பொன்னையா (1804), சிவானந்தம் (1808), வடிவேலு (1810) ஆகிய நால்வரும் தஞ்சையில் சுப்பராய நட்டுவனாரின் மக்கள். கங்கைமுத்து நட்டுவனாரின் பேரர்கள். இரண்டாம் சரபோசி மன்னர் ஆட்சி புரிந்த காலத்தில் (1798-1832) அரசவையிலும் பெருவுடையார் கோயிலிலும் இக்குடும்பத்தார் இசைப்பணியும் நடனப்பணியும் ஆற்றினர். அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று பரதநாட்டிய அரங்கில் நாம் காணும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்களே என்பது இசைவரலாற்றார் பலரும் ஏற்கும் முடிபு. பின்னர் அரண்மனையோடு மனத்தாங்கல் நேர்ந்து தஞ்சையை விட்டு நீங்கினர் என்பர். சின்னையா மைசூர் அரசவையில் இடம்பெற்றார். வடிவேலு, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரின் (1813-1846) அன்புக்குரிய அவைக்கலைஞரானார். நாற்பது வயதை எட்டுமுன்னரே அவர் மறைந்தார்.

இந்நால்வருக்கும் இசை கற்பித்த ஆசான் முத்துசாமி தீட்சிதர். அவர் தமது வாழ்வின் இறுதியைக் கழித்ததும், 1835இல் உயிர்நீத்ததும் நமது தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்திலேயே. அவரது நினைவிடம் இன்றும் அங்கே உள்ளது. பாரதியின் பிறப்பிடமாக எட்டயபுரத்தை அறிந்திருக்கும் நம்மவருள், தஞ்சை நால்வரின் குரு துயிலும் இடமாகவும் அதை அறிந்தோர் சிலரே. அவரது இசைமரபை முழுமையாகத் தொகுத்த சுப்பராம தீட்சிதரின் பெருநூல் 1904இல் அதே எட்டயபுரத்தில்தான் அச்சேறியது. அந்நூலை எழுதுமாறு சுப்பராம தீட்சிதரை இடைவிடாது தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்னும் சென்னைக் கிறிஸ்தவர். அழிந்துவிடக்கூடிய ஒரு மரபைக் காக்க, அம்மரபின் சமயத்தைச் சாராத ஒருவர் தம் உழைப்பையும் பொருளையும் செலவிட்டார் என்பது நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி.

தீட்சிதரின் மாணாக்கர் வரிசையைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். தஞ்சை நால்வரோடு, திருவாரூரைச் சேர்ந்த கமலம் என்னும் நடனப் பெண்மணியும், சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பனும் அவ்வரிசையில் உள்ளனர். வயிற்று நோயால் வருந்திய அந்தத் தம்பியப்பனுக்காகவே தீட்சிதர் வியாழன் என்னும் கோள்மீது ஒரு கீர்த்தனை இயற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. இச்செய்தியின் வரலாற்று உண்மை எதுவாயினும், பேரிசையாளர் ஒருவர் மத்தளக்காரரின் வயிற்று வலியைத் தம் பாட்டுக்குரிய பொருளாகக் கருதினார் என்று ஒரு மரபு நினைவில் வைத்திருப்பதே நமக்குப் போதுமானது.

வடிவேலுவைப் பற்றி ஒரு திருத்தம் கூறியாக வேண்டும். அவர் வயலின் இசைக்கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர்களுள் முதன்மையானவர்; 1834இல் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அவருக்கு அக்கருவியைக் கற்பித்தவர் தஞ்சை மறைப்பணியாளர் சுவார்ட்சு ஐயர் என்று சிலர் எழுதுவதுண்டு. சுவார்ட்சு ஐயர் 1798இல் இறந்தார். வடிவேலு 1810இல் பிறந்தார். எனவே இக்கூற்று பொருந்தாது. தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்குப் பொருத்தியவர். அவரும் பின்னர் எட்டயபுரம் அரசவையை அணிசெய்தார். கிறிஸ்தவப் பணியாளருக்குப் பெருமை சேரும் என்பதற்காக உண்மையல்லாத ஒன்றை நாம் ஏற்க வேண்டியதில்லை. பிறர் உழைப்பின் பெருமையை நமதாக்கிக்கொள்வது நற்செய்திப் பணியன்று.

ஆசாபின் கைத்தாளம்

விவிலியத்தில் நட்டுவனாருக்கு இணையாக ஒருவரைத் தேடினால் ஆசாபு நம் கண்முன் வருகிறார். திருப்பாடல் நூலில் 50ஆம் பாடலும், 73 முதல் 83 வரையுள்ள பாடல்களுமாகப் பன்னிரண்டு பாடல்கள் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. பாட்டெழுதியவர் என்றதும் நாம் எழுதுகோலும் சுவடியுமாக ஒருவரைக் கற்பனை செய்கிறோம். ஆனால் குறிப்பேடு முதல் நூலின் 15, 16ஆம் அதிகாரங்கள் அவரை வேறுவிதமாகக் காட்டுகின்றன. தாவீது உடன்படிக்கைப் பேழையை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது, ஏமான், ஏத்தான் ஆகியோருடன் வெண்கலக் கைத்தாளங்களை ஒலித்தவர் ஆசாபு. பேழையின்முன் தாவீது ஆடினார். அரசர் ஆடிய அந்தப் பவனிக்குத் தாளம் கொட்டியவர்களுள் ஒருவர் திருப்பாடல் ஆசிரியர். பாட்டை யாத்தலும் தாளம் ஏந்தலும் ஒருவர் பணியாகவே இருந்தன.

தாவீது ஆடியதைச் சாளரத்தின் வழியே கண்ட மீக்கால் அவரை உள்ளத்தில் இகழ்ந்தார் என்று விவிலியம் கூறுகிறது. இந்நிகழ்ச்சியை வைத்து மறையுரையாற்றும் நாம் தாவீதையும் மீக்காலையும் மட்டுமே பேசுகிறோம். இகழ்ச்சி கேட்டபின்னும் நிறுத்தாது தாளம் கொட்டிய ஆசாபைப் பேசுவதில்லை. அரசர் தம் இகழ்ச்சிக்கு விடை கூறிக்கொண்டார். தாளக்காரருக்கு விடை கூறும் வாய்ப்பும் இல்லை. ஒலித்துக்கொண்டிருப்பதே அவரது விடையாயிற்று.

மேலும் ஒரு செய்தி. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பியோரின் கணக்கைத் தரும் எஸ்ரா நூல், ஆசாபின் வழிவந்த பாடகர் 128 பேர் என்று குறித்துவைக்கிறது. கோயிலுக்கு மீண்டும் அடித்தளம் இட்டபோது அவ்வழித்தோன்றல்களே கைத்தாளங்களோடு நின்றனர். நாடு போயிற்று, கோயில் இடிந்தது, அரசு அழிந்தது. தாளம் மட்டும் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து நழுவவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று வாய்மொழியாகவே இசையைக் காத்த தஞ்சைக் குடும்பத்தை அறிந்தவர்க்கு இப்பகுதி வெறும் பெயர்ப்பட்டியலாகத் தோன்றாது.

வர்ணம் என்னும் படைப்பு

இனி நால்வரின் படைப்பை நெருங்கி நோக்குவோம். அவர்களது கலையின் உச்சம் வர்ணமே. ஒரு நடன நிகழ்ச்சியின் நடுவில், அரை மணிக்கு மேலும் நீண்டு நிற்கும் இப்படைப்பின் சொற்களைத் தனியே எடுத்துப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். தலைவி தோழியிடம் தன் துயரைக் கூறுகிறாள், தலைவன் வரவில்லை, அவனது ஊரும் பெருமையும் சொல்லப்படுகின்றன. பல்லவிக்கு ஓரடி அல்லது ஈரடி, அனுபல்லவிக்கு அவ்வளவே, சரணத்திற்கு ஒரே ஒரு சிற்றடி. உவமைகளில் புதுமை இல்லை. சொல்லாட்சியில் வியப்பூட்டும் எதுவும் இல்லை. சங்க அகப்பாடலோடோ ஆழ்வார் பாசுரத்தோடோ ஒப்பிட்டால் இவை எளிய வரிகள். பொன்னையாவின் பெயரால் வழங்கும், திருவாரூர்த் தியாகேசரைத் தலைவராகக் கொண்ட பைரவி இராக வர்ணத்திற்கும் இது பொருந்தும்.

ஆயினும் இவ்வளவில் தீர்ப்பளிப்பது பிழை. இவ்வரிகள் படிப்பதற்காக எழுதப்படவில்லை, ஆடுவதற்காக எழுதப்பட்டவை. ஓரடி பாடப்படுகிறது. மீண்டும் அதே அடி. மீண்டும் அதே அடி. ஒவ்வொரு முறையும் ஆடுபவர் அவ்வடிக்குள் புதியதொரு பொருளைக் காண்கிறார்: முதலில் ஏக்கம், பின்பு சினம், பின்பு நினைவு, பின்பு சரணாகதி. சொல் நிறைய இருந்திருந்தால் இதற்கு இடமிருக்குமா? அடியை வெறுமையாக விட்டுவைத்த அந்தக் கைதான் உண்மையான படைப்பாளியின் கை. தம் புலமையைக் காட்டக்கூடிய இடத்தில் அதை அடக்கி, இன்னொருவர் வந்து நிரப்புவதற்கு இடம் விட்டிருக்கிறார் அவர்.

இசையமைப்பிலும் இதே நெறி. சரணத்தின் சிற்றடி ஒன்று. அதைத் தொடர்ந்து எத்துக்கடைச் சுரங்கள். ஒரு சுரக்கோவை முடிந்ததும் சரண அடி திரும்புகிறது, அடுத்த சுரக்கோவை, மறுபடியும் சரண அடி. திருப்பலியில் பதிலுரைப் பாடல் பாடிப் பழகிய நம் காதுகளுக்கு இவ்வமைப்பு எளிதில் புலப்படும். ஒருவர் பாட, மக்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அந்த அடியின் சொற்கள் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அது வேறு பொருளோடு திரும்புகிறது. வர்ணத்தில் கால்கள் சுரத்திற்கு ஆடுகின்றன. கைகள் சொல்லுக்குப் பேசுகின்றன. இரண்டையும் ஒரே தாளம் கட்டுகிறது. இடையிடையே பாட்டை நிறுத்தி, பொருளற்ற சொற்கட்டுகளால் ஆன தீர்மானங்களை நட்டுவனார் உரைக்கிறார்.

பொருளற்ற சொல் என்றேன். இறையியலார் அதைப் புறக்கணிக்க இயலாது. அக்களிப்பு என்பது சொற்களால் கூற இயலாததை உள்ளம் ஒலியாக வெளியிடுவது என்று புனித அகுஸ்தினார் திருப்பாடல் விளக்கவுரையில் எழுதியுள்ளார். வயல்களில் அறுவடை செய்வோர் மகிழ்ச்சி மிகுந்து சொற்களைக் கைவிட்டு ஒலிக்குள் புகுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். தில்லானாவும் தீர்மானமும் அத்தகையனவே. ஆழ்ந்த துயரும் ஆழ்ந்த மகிழ்ச்சியும் இலக்கண வரம்பைக் கடந்துவிடுகின்றன என்பதை நட்டுவனார் அறிந்திருந்தார்.

இந்த நிகழ்ச்சி வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார் 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் உரையாற்றிய நடன மேதை பாலசரசுவதி (1918-1984). அலாரிப்பு கோபுரம்; சதிசுரமும் சப்தமும் மண்டபங்கள்; வர்ணம் பெருஞ்சந்நிதி; பதம் கருவறை என்ற கருத்தில் அமைந்தது அவ்வுரை. கத்தோலிக்கராகிய நமக்கு உடனே திருப்பலியின் ஒழுங்கு நினைவுக்கு வரும். ஆனால் இவ்வொப்புமையை எளிதில் நீட்டிவிடலாகாது. திருப்பலி கலைஞரின் படைப்பன்று, கிறிஸ்துவின் செயல். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: ஒலி நிறைந்த வாயிலிலிருந்து மெல்ல மெல்ல அமைதிக்கு அழைத்துச் செல்லும் ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் கட்டியவர்கள் தாளம் அறிந்தவர்கள் என்பது கருதத்தக்கது. அமைதி எங்கே தொடங்க வேண்டும் என்பதை, எங்கே அடியை நிறுத்த வேண்டும் என்று அறிந்தவரே சொல்ல முடியும்.

நால்வரின் படைப்பில் குறையும் உண்டு. அரசரைத் தலைவராக்கி இறைவனுக்குரிய மொழியால் அவரைப் போற்றும் வழக்கத்தை அவர்கள் விலக்கவில்லை. சரபோசி மன்னரையே தலைவராகக் கொண்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெருவுடையார் கோயில் விழாவில் ஆடப்பட்டது. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய அந்நூலை ஆடிய அரங்கில் புரவலரும் கடவுளும் அருகருகே நிற்க வேண்டியிருந்தது. உண்ணும் சோற்றுக்கு அரண்மனையை நம்பியிருந்த கலைஞர்மீது கல்லெறிவது எளிது. கலைஞருக்கு அரசரைத் தவிர வேறு புகல் இல்லாத சமுதாயத்தையும் சேர்த்தே நாம் மதிப்பிட வேண்டும்.

பெத்லகேம் குறவஞ்சியும் நின்றுபோன காலும்

அதே தஞ்சையில், அதே சரபோசி மன்னரோடு சுவார்ட்சு ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). அவர் நம் திருநெல்வேலி மண்ணின் மைந்தர். 1800ஆம் ஆண்டையொட்டி அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, கிறிஸ்துவைத் தலைவராகக் கொண்டது. சந்தமும் தாளக்கட்டும் செறிந்த இந்நூல், நடன நாடகத்தின் வடிவை முழுதும் ஏற்றுக்கொண்டது. அரசருக்கு உரியதாயிருந்த தலைவர் இடத்தில் ஆண்டவரை அமர்த்தியது அதன் இறையியல் துணிவு. லூத்தரன் மரபினரான சாஸ்திரியாருக்குக் கத்தோலிக்கராகிய நாமும் கடன்பட்டவர்களே.

ஆனால் அந்தக் குறவஞ்சி நம் ஆலய முற்றங்களில் பாடப்பட்டதேயன்றி ஆடப்படவில்லை. தலைவி பந்தாடுகிறாள், குறத்தி நடந்து வருகிறாள், சிங்கன் கண்ணி வைக்கிறான். எல்லாம் சொல்லில் மட்டும். சொல் ஆடியது, கால் ஆடவில்லை. ஏன்? ஆடுவோரைப் பற்றி அக்காலக் கிறிஸ்தவர் கொண்டிருந்த அச்சமே காரணம். புதிதாக வந்த மறைப்பணியாளர்களோடு 1820களில் சாஸ்திரியார் கொண்ட முரண்பாட்டில், தமிழ்ப்பாட்டு முறையே ஐயத்திற்கு உள்ளாயிற்று என்பதை நினைத்தால், நடனத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாறான காட்சியைக் கடல் நமக்குக் காட்டுகிறது. எதிர்க்கரையான மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளைக் கூத்தாக ஆடினர், இன்றும் ஆடுகின்றனர். அங்கே அண்ணாவியார் என்பவர் பாட்டைக் கற்பித்து, ஆட்டத்தைப் பழக்கி, மத்தளமோ தாளமோ ஏந்தி இரவு முழுதும் அரங்கின் ஓரத்தில் நிற்கிறார். 1965இல் அருள்தந்தை மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இம்மரபை அரங்கேற்றி வளர்த்தது. தஞ்சையில் அரசவையும் கோயிலும் நட்டுவனாருக்குச் செய்ததை, அங்கே மீனவப் பங்குகள் அண்ணாவியாருக்குச் செய்தன. பங்கு ஒன்று கலைஞரைப் பேண முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெயர் இல்லாத பெண்கள்

நட்டுவனாரைப் புகழும்போது ஒன்றை மறைத்துவிடலாகாது. நால்வரின் பெயர்களை நாம் அறிவோம். அவர்கள் அமைத்த வர்ணங்களை முதன்முதல் ஆடிய பெண்களுள் எத்தனை பேரின் பெயரை அறிவோம்? இடம் விட்டுப் பாட்டமைத்தவர்கள் என்று அவர்களைப் போற்றினோம். அந்த இடத்தை நிரப்பியவர்கள் பெண்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் கண்ட பொருளும் அப்படைப்பின் பகுதியே. ஆகவே வர்ணத்தின் ஆசிரியர் ஒருவர் என்று எழுதுவதே பாதி உண்மைதான்.

1892 முதல் சென்னையில் எழுந்த நடன எதிர்ப்பு இயக்கத்தில் கிறிஸ்தவரும் பங்கேற்றனர். பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தில் சுரண்டல் இருந்தது. அதை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அக்குலப் பெண்களின் துயரைத் தம் குடும்ப வாழ்விலேயே கண்டவர்கள். 1947இல் நிறைவேறிய சென்னைத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நீதியின் பாற்பட்டது. ஆனால் வழக்கத்தை ஒழித்தவர்களுள் பலர் அப்பெண்களின் கலையையும் மாண்பையும் பிரித்தறியவில்லை. 1930களில் அக்கலை புதிய பெயரோடு புதிய குடும்பங்களின் மேடைக்கு வந்தபோது, நட்டுவனாருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது; பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869-1954) போன்றோரைத் தேடி மாணவியர் வந்தனர். ஆடிக்கொண்டிருந்த பெண்களுள் பெரும்பாலோருக்கு வாயில் அடைபட்டது. முன்பு ஆடுபவரின் பின்னால் நின்று, அவரோடு முன்னும் பின்னும் நகர்ந்து வாசித்த இசைக்குழு, புதிய மேடையில் ஒரு பக்கமாக அமர வைக்கப்பட்டது. பார்ப்பதற்கு அழகுதான். எனினும் ஆடுபவரின் மூச்சை முதுகுக்குப் பின்னிருந்து கேட்டு வாசித்த நெருக்கம் அதனால் குறைந்தது.

விபச்சாரத்தில் பிடிபட்டவர் என்று ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தியவர்களிடம் ஆண்டவர் சட்டம் தவறு என்று கூறவில்லை, அப்பெண்ணிடம் பேசினார். சட்டத்தைச் சரியாகப் பற்றிக்கொண்டு ஆளை மறந்துவிடும் நோய் அவருடைய காலத்திற்கு மட்டும் உரியதன்று.

கிட்டப்பா பிள்ளையின் விடை

தஞ்சை நால்வர் வழியில் தோன்றிய கே. பி. கிட்டப்பா பிள்ளை 1913இல் பிறந்து 1999இல் மறைந்தார். தந்தை பொன்னையா பிள்ளை 1933இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். கிட்டப்பா பிள்ளை தந்தையிடம் வாய்ப்பாட்டும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நட்டுவாங்கமும் பயின்றார். முன்னோரின் படைப்புகள் ஓலையிலும் நினைவிலும் மட்டும் எஞ்சியிருந்த நிலையில், அக்குடும்பத்தார் அவற்றைச் சுரதாளக் குறிப்போடு நூலாக்கினர். தம் குடும்பத்தின் செல்வம் தம் குடும்பத்திற்கே என்று பூட்டிவைத்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. வழக்கொழிந்திருந்த நவசந்திக் கவுத்துவங்களை மீட்டு மேடைக்குக் கொணர்ந்ததில் கிட்டப்பா பிள்ளையின் பங்கு பெரிது.

திரையுலகில் புகழ்பெற்ற வைஜயந்திமாலா அவரிடம் பயின்றவர். ஆயினும் என் உள்ளத்தைத் தொடுவது இன்னொரு மாணவரின் வரலாறு. மதுரையில் பிறந்து, திருநங்கை என்பதால் வீட்டாலும் ஊராலும் ஒதுக்கப்பட்ட நர்த்தகி நடராஜ், கிட்டப்பா பிள்ளையைத் தேடித் தஞ்சைக்குச் சென்றார். முதியவரான அந்த ஆசான் அவரை மாணவராக ஏற்றார். நர்த்தகி என்னும் பெயரையும் தந்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் தம்மோடு வைத்துக் கற்பித்தார். 2019இல் நர்த்தகி நடராஜுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இதை இரக்கச் செயல் என்று மட்டும் கூறினால் கிட்டப்பா பிள்ளையின் கலையை நாம் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள். அவர் முன்னோர் வர்ணத்தில் செய்ததையே அவர் வாழ்விலும் செய்தார். அடியில் இடம் விட்டவர்களின் வழித்தோன்றல், வாழ்வில் இடம் மறுக்கப்பட்ட ஒருவருக்கு இடம் விட்டார். ஊர் விலக்கிய உடலில் அவர் கண்டது கலையை ஏந்தக்கூடிய உடலையே. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் பாடும் நாம், அப்பாடலின் பொருளைத் தஞ்சையின் ஒரு சிறு வீட்டிலும் தேடிக் காணலாம்.

நம் பங்குகளுக்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியாயிற்று. மக்களின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தகுந்த இடமும் தரப்பட வேண்டும் என்று அது பணித்தது. 1994இல் உரோமை வெளியிட்ட பண்பாட்டுமயமாதல் பற்றிய அறிவுரை, சில மக்களிடையே பாட்டோடு கைதட்டலும் அசைவும் நடனமும் இயல்பாகவே இணைந்திருப்பதை ஏற்றுப் பேசுகிறது. தமிழகத்தில் அருள்தந்தை ஜார்ஜ் 1977இல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி, கிறிஸ்தவக் கருப்பொருளைப் பரதத்தில் ஆடும் தலைமுறையை உருவாக்கியது. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஐயர் (இறப்பு 2005), தீட்டு என்று தள்ளப்பட்ட பறையை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தார். பறை அடித்த காரணத்தால் இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு அது இசைச் சீர்திருத்தம் மட்டுமன்று, மாண்பின் மீட்பு.

இத்தனை இருந்தும் நம் பங்குகளில் நிகழ்வது யாது? எங்கள் நாசரேத் வட்டாரத்திலும், தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களிலும், விழாக்களிலும் மறைக்கல்வி ஆண்டு விழாக்களிலும் சிறுமியர் ஆடுகின்றனர். நன்று. ஆனால் ஒலிப்பதிவுக்கே ஆடுகின்றனர். முன்பு ஒலிநாடா; பிறகு குறுந்தகடு; இப்போது அலைபேசி. பதிவு செய்த இசை எவருக்காகவும் காத்திராது. சிறுமி ஒருத்தி அடி தவறினால் அது நில்லாது ஓடும். நட்டுவனாரோ அவள் கால் பதியும் வரை தாளத்தைத் தாங்கிப் பிடிப்பார். அவள் தவறியதை அவையோர் அறியாதபடி காப்பார். ஆடுபவரின் பிழையைத் தம் கையில் ஏற்றுக்கொள்ளும் கலை அது. ஆயர்பணிக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன்.

இரண்டாவது, கிறிஸ்தவ நடனத்திற்குப் பாட்டெழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடல்களில் சொல் மிகுதி. ஒரு தாளவட்டத்திற்குள் மனுவுருவேற்பு, மீட்பு, உயிர்ப்பு, தூய ஆவியார் அனைத்தையும் அடைத்துவிட விழைகிறோம். ஆடும் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முத்திரை காட்டி ஓட வேண்டியதாகிறது. சிலுவை என்றதும் சிலுவை, புறா என்றதும் புறா. அது நடனமன்று, கையால் செய்த மொழிபெயர்ப்பு. மரியா கல்லறை வாயிலில் நின்று அழுதார் என்ற ஒரே செய்தியை ஓரடியாக எழுதிவிட்டு விலகி நில்லுங்கள். மீதியை ஆடுபவர் காண்பார். மறைபொருளை முழுதும் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது கலைக்கும் பொருந்தாது, இறையியலுக்கும் பொருந்தாது.

மூன்றாவது, கூலி. ஆலய விழாக் கணக்கில் பந்தலுக்கும் ஒளிவிளக்கிற்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குவதோடு, தவிலோ மத்தளமோ பறையோ வாசிப்பவருக்கு ஒதுக்குவதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவருக்கு இருக்கை உண்டா, விருந்தில் இடம் உண்டா, நன்றியுரையில் பெயர் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். வேலையாள் தன் கூலிக்கு உரிமை உடையவர் என்னும் ஆண்டவரின் வாக்கு மறையுரையாளருக்கு மட்டும் சொல்லப்பட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோமோ என்று அஞ்சுகிறேன்.

நாசரேத்து என்னும் பெயர் மீட்பரின் மறைந்த வாழ்வைக் குறிப்பது. 1964 சனவரியில் அந்த ஊருக்குத் திருப்பயணமாகச் சென்ற திருத்தந்தை ஆறாம் பவுல், அமைதி, குடும்பம், உழைப்பு ஆகிய மூன்று பாடங்களை அவ்வூர் கற்பிக்கிறது என்றார். தஞ்சை நால்வர் மரபிலும் இம்மூன்றும் உள்ளன. குடும்பத்தில் கற்ற கலை. நாள்தோறும் தட்டுக்கழியோடு செய்த உழைப்பு. தம் பெயர் ஒலிக்க வேண்டிய இடத்தில் காத்த அமைதி. திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழன் என்று கூறிக்கொண்டார். அருகில் நின்று, மணமகனின் குரலைக் கேட்டு, அதுவே தனக்குப் போதும் என்று மகிழ்பவர் தோழர். நட்டுவனாரின் மகிழ்ச்சியும் அத்தகையதே. ஆட்டம் முடிந்து அவை கைதட்டும்போது அது ஆடியவருக்கு உரியது என்பதை அவர் அறிவார். அறிந்தும் மறுநாள் காலை மீண்டும் தாளத்தைக் கையில் எடுப்பார்.